நேரம், கதி, தூரம் கணக்கு: திருப்பித் திருப்பிக் கேக்கிற கேள்விகள்

களுவாஞ்சிகுடியில எங்கட வீட்டு விறாந்தையில சனி ஞாயிறு பின்னேரத்துல ஏழெட்டுப் பேர் கூடியிருந்து போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறம். ஒருத்தர் கிராம உத்தியோகத்தர் சோதினைக்கு, ஒருத்தர் முகாமைத்துவ சேவைக்கு, ரெண்டு பேர் ஆசிரிய நியமனத்துக்கு. ஆனா நுண்ணறிவுப் பேப்பர் எண்டு வந்தா எல்லாரும் தடக்குப்படுறது ஒரே இடத்துலதான், இந்தக் கதி தூரம் கணக்குல. நான் பெரிய கணித டீச்சர் ஒண்டும் இல்ல, ரெண்டு தரம் எழுதி ரெண்டாந் தரம் பாஸ் பண்ணின ஆள், அவ்வளவுதான். ஒரே கேள்விய ஆளுக்காள் வந்து கேட்டதால ஒரு சீஆர் கொப்பியில குறிச்சு வச்சன், அதத்தான் கேட்டவங்கட வாய்ச்சொல்லுலயே இதில போட்டிரிக்கன். ஊருக்கு ஊர் தூரமெல்லாம் கணக்கு லேசா வர்றதுக்காகச் சுத்தமான எண்ணா எடுத்தது, கிலோமீற்றர்க் கல்ல எண்ணிப் பாத்துச் சண்டைக்கு வராதீங்க.

அக்கா, கதியா வேகமா? பேப்பருல ரெண்டும் வருதே, வேறவேறயா?

ஸ்கூல் விஞ்ஞானப் புத்தகத்துல வேற வேறதான். கதி எண்டா எவ்வளவு விரைவா போறம் எண்டது மட்டும், வேகம் எண்டா எந்தத் திசையில போறம் எண்டதும் சேர்ந்தது. ஆனா நுண்ணறிவுப் பேப்பருல ரெண்டயும் ஒண்டாத்தான் பாவிக்கிறாங்க, அதுல மண்டையப் போட்டு உடைக்க வேணாம்.

முக்கோணம் கீறி மேல தூரம், கீழ கதியும் நேரமும் எண்டு பாடமாக்கிறவங்க இரிக்காங்க. நான் அதச் சொல்லிக் குடுக்கிறல்ல, பதட்டத்துல முக்கோணம் தலைகீழாப் போயிடும். மணிக்கு 40 கிமீ எண்டா ஒரு மணித்தியாலத்துல 40 போகும், ரெண்டு மணித்தியாலத்துல 80, அரை மணித்தியாலத்துல 20. இத வாயால சொன்னாலே தூரம் = கதி × நேரம் எண்டு வந்திரும், மத்த ரெண்டும் அதுக்குள்ளதான் கிடக்கு. கணக்கத் தொட முதல் ஒரு கேள்விய மட்டும் கேளுங்க: இதுல மாறாம நிக்கிறது எது, தூரமா, நேரமா, கதியா? கீழ வாற பாதிக் கேள்விக்கு இதுதான் திறப்பு.

18 ஆல பெருக்கி 5 ஆல பிரிக்கிறதா, 5 ஆல பெருக்கி 18 ஆல பிரிக்கிறதா? எனக்கு எப்பவும் மாறித்தான் போகுது

எல்லாருக்கும் மாறும். 1 கிமீ 1000 மீற்றர், 1 மணித்தியாலம் 3600 செக்கன், 1000 / 3600 ஐச் சுருக்கினா 5 / 18. அங்க இருந்துதான் வாறது. மனசுல வைக்க ஒண்டே ஒண்டு போதும், மணிக்கு 36 கிமீ எண்டது செக்கனுக்கு 10 மீற்றர். அதுல இருந்து 18 எண்டா 5, 54 எண்டா 15, 72 எண்டா 20, 90 எண்டா 25. மீற்றர் செக்கன் எண்ணு எப்பவும் சின்னது, அதால பெரிசா வந்தா மாறிப் பெருக்கிட்டீங்க. ஒரு தம்பி மணிக்கு 60 கிமீ போற பஸ்ஸ செக்கனுக்கு 216 மீற்றருல ஓட விட்டவர், கல்முனை பஸ் அந்தப் போக்குப் போனா நான் ஏற மாட்டன்.

2 மணித்தியாலம் 20 நிமிடத்த 2.20 எண்டு போட்டுப் பெருக்கலாந்தானே?

ஏலாது. 20 நிமிடம் ஒரு மணித்தியாலத்துல மூண்டுல ஒண்டு, அதால அது 7/3 மணித்தியாலம். மணிக்கு 45 கிமீல 2 மணி 20 நிமிடம் போனா 45 × 7/3 = 105 கிமீ. 2.20 ஆல பெருக்கினா 99 வரும், பேப்பர் செய்தவருக்கும் நீங்க இப்பிடிச் செய்வீங்க எண்டு வடிவாத் தெரியும், அதால அந்த 99 ஐயும் விடைகளுக்குள்ள ஒண்டாப் போட்டு வச்சிரிப்பார். விடை கிடைச்சிட்டு எண்டு சந்தோசத்துல கீறிட்டு அடுத்ததுக்குப் போயிடுவம். 10 நிமிடம் 1/6, 12 நிமிடம் 1/5, 15 நிமிடம் 1/4, 40 நிமிடம் 2/3, இதுகளப் பின்னமாவே பழகுங்க, தசமத்துக்கே போக வேணாம்.

போகக்க 40, வரக்க 60, அப்ப சராசரி 50 தானே? ஏன் 48 எண்டு போட்டிரிக்கு?

இந்தக் கேள்வியிலதான் நான் முதல் தரம் விழுந்தது. 50 எண்டு கீறிப்போட்டு வெளிய வந்து, கேட்டடியில நிண்டு மத்தப் பிள்ளைகளோட கதைக்கக்க எல்லாரும் 48 எண்டுறாங்க, நான் மட்டும் 50 எண்டு நிக்கன். பஸ்ஸுல வந்து வீட்டுப் படியில இருந்து திருப்பிச் செஞ்சு பாத்தாப் பிறகுதான் விளங்கினது.

சராசரிக் கதி எண்டா மொத்தத் தூரத்த மொத்த நேரத்தால பிரிக்கிறது, கதிகளக் கூட்டி ரெண்டால பிரிக்கிறது இல்ல. தூரம் தரல்ல எண்டா 40, 60 ரெண்டாலயும் பிரிபடுற ஒரு எண்ணா நாமளே வைக்கலாம், 120 கிமீ எண்டு வையுங்க. போக 3 மணித்தியாலம், வர 2 மணித்தியாலம், மொத்தம் 240 கிமீக்கு 5 மணித்தியாலம், அதால 48. மெதுவாப் போன 40லதான் கூட நேரம் ரோட்டுல நிண்டிரிக்கம், அதால சராசரியும் 40 பக்கமாச் சாயுது. விடை எப்பவும் நடுவுல இரிக்கிற எண்ண விடக் கொஞ்சம் கீழ வரும், அத வச்சே ரெண்டு விடைய வெட்டிப் போடலாம்.

இங்க மாறாம நிக்கிறது தூரம். அதே கேள்வியில "2 மணித்தியாலம் 40லயும் அடுத்த 2 மணித்தியாலம் 60லயும்" எண்டு வந்தா மாறாதது நேரம், அப்ப 50 சரி. வசனத்த ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லுறது இதுக்குத்தான். சூத்திரம் வேணும் எண்டுறவங்களுக்கு, தூரம் ஒண்டா இருந்தா ரெண்டு கதியையும் பெருக்கி, ரெண்டால பெருக்கி, ரெண்டு கதியின்ட கூட்டுத்தொகையால பிரிக்கிறது: 2 × 40 × 60 ÷ 100 = 48.

பாதித் தூரம் 30ல போயிட்டம், முழுப் பயணத்துக்கும் சராசரி 60 வரணும் எண்டா மிச்சத்த 90ல போனாச் சரியா?

சரியில்ல, 90 இல்ல, எவ்வளவுல போனாலும் சரி வராது. மட்டக்களப்புல இருந்து கல்முனை 40 கிமீ எண்டு வச்சுப் பாருங்க. சராசரி 60 வரணும் எண்டா முழுப் பயணமும் 40 நிமிடத்துல முடியணும். முதல் 20 கிமீ ஐ 30ல போனா அதுக்கே 40 நிமிடம் போயிட்டு. மிச்ச 20 கிமீக்குக் கையில ஒரு செக்கனும் இல்ல, றொக்கட்டுல போனாலும் 60 வராது. இத எங்கட விறாந்தையில சொன்னன்டைக்கு ஒருத்தரும் நம்பல்ல, ஒரு தங்கச்சி 1000 கிமீ கதி போட்டுக்கூடச் செஞ்சு பாத்தா, 58 சொச்சம்தான் வந்தது. 90 எண்டு சொல்ல வைக்கிறது மேல சொன்ன அதே 50 புத்திதான்.

எதிரெதிரா வந்தாக் கூட்டுறதா கழிக்கிறதா?

எதிரெதிரா வந்தாக் கூட்டுங்க, ஒரே பக்கமாப் போனாக் கழியுங்க. ஏன் எண்டா நாம பாக்கிறது ரெண்டு பேருக்கும் இடையில இரிக்கிற வெளிய, அது ஒரு மணித்தியாலத்துல எவ்வளவு குறையுது எண்டதுதான் கேள்வி. மட்டக்களப்புல இருந்து ஒருத்தர் சைக்கிள்ல 12 கிமீ கதியில, கல்முனையில இருந்து மத்தவர் மோட்டார்சைக்கிள்ல 48ல, ஒரே நேரம் வெளிக்கிடுறாங்க. இடைவெளி 40, மணிக்கு 60 ஆகக் குறையுது, 40 நிமிடத்துல சந்திப்பாங்க. சைக்கிள்காரர் அந்த 40 நிமிடத்துல 8 கிமீ வந்திரிப்பார், கிட்டத்தட்ட ஆரையம்பதிப் பக்கம். மாறாதது நேரம், ரெண்டு பேரும் ஓடினது ஒரே 40 நிமிடம். அதால தூரம் கதி விகிதத்துலயே பிரியும், 12:48 எண்டா 1:4, 8:32.

ஒரு பஸ் 6 மணிக்கு, மத்தது 6.30க்கு, எத்தின மணிக்குப் பிடிக்கும்? எனக்கு எப்பவும் அரை மணித்தியாலம் பிழைக்குது

முதல் பஸ் 40, பின்னால வாறது 50 எண்டு வைப்பம். 6.30க்கு முன்னுக்குப் போன பஸ் 20 கிமீ தள்ளி நிக்குது. ஒரே பக்கம் போறதால மணிக்கு 10 கிமீதான் குறையும், 2 மணித்தியாலம் வேணும். உங்களுக்குப் பிழைக்கிறது இந்த ரெண்ட 6 மணியில இருந்து கூட்டுறதால. துரத்தத் தொடங்கினது 6.30க்கு, அதால 8.30. அதுக்குள்ள 100 கிமீ போயிடும், மட்டக்களப்புல வெளிக்கிட்ட பஸ் எண்டா பொத்துவிலுக்குக் கிட்ட.

கோச்சிக் கணக்குல கோச்சிட நீளத்த எப்ப கூட்டுற, எப்ப விடுற?

அம்பாறை மாவட்டத்துல கோச்சி, அதான் ரயில், ஓடுறல்ல, அதால எங்கட அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாத கணக்கு. ஓட்டமாவடிப் பழைய பாலத்துல முந்தி கோச்சியும் பஸ்ஸும் ஒரே பாலத்தாலதான் போறது. கோச்சி வருது எண்டா பஸ் இந்தப் பக்கம் நிக்கணும். பஸ் யன்னலால பாத்துட்டு இரிப்பம், இஞ்சின் பாலத்துல மூக்க வைக்கும், தடதடதட எண்டு போகும், இஞ்சின் அந்தக் கரையில ஏறினாலும் நம்மள விடமாட்டாங்க, ஆகக் கடைசிப் பெட்டியும் பாலத்த விட்டுப் போனாத்தான் கேட்டத் திறப்பாங்க. அந்தக் காத்து நிக்கிற நேரத்துலதான் இந்தக் கணக்குக் கிடக்கு. இஞ்சின் மூக்கு ஓடின தூரம் பாலம் மட்டும் இல்ல, பாலமும் கோச்சியும்.

பேச்சுக்கு கோச்சி 150 மீற்றர், பாலம் 250, கதி மணிக்கு 36 கிமீ, அதாவது செக்கனுக்கு 10 மீற்றர். பாலத்த முழுசாக் கடக்க 400 ÷ 10 = 40 செக்கன். தந்திக்கம்பத்தையோ நிக்கிற ஆளையோ கடக்க 15 செக்கன், ஆளுக்கு நீளம் இல்ல. முழுக் கோச்சியும் பாலத்துக்குள்ள நிக்கிற நேரம் எவ்வளவு எண்டு கேட்டா 250 இல 150 ஐக் கழிச்சு 100, 10 செக்கன். கோச்சிக்குள்ள இரிக்கிற ஒருத்தர் பாலத்தக் கடக்க எவ்வளவு நேரம் எண்டு கேட்டா, அவர் ஒரு புள்ளி, 250 ÷ 10 = 25 செக்கன். நாலு கேள்வி, நாலு விடை, நாலும் விடைகளுக்குள்ள வரிசையா இரிக்கும். எதிர வாற கோச்சி எண்டா ரெண்டு நீளத்தையும் கூட்டி, மேல சொன்ன மாதிரிக் கதிகளையும் கூட்டிப் பிரியுங்க.

கோச்சிட நீளமும் தரல்ல கதியும் தரல்ல, கம்பத்துக்கு 15 செக்கன், 250 மீற்றர் பாலத்துக்கு 40 செக்கன் எண்டு மட்டும் இரிக்கு. எக்ஸ் வை போட்டுச் செய்யணுமா?

தேவையில்ல. கம்பத்துக்கு எடுத்த 15 செக்கன் தன்ட நீளத்துக்கு. பாலத்துக்கு எடுத்த 40க்குள்ளயும் அந்த 15 கிடக்கு. மிச்ச 25 செக்கன் வெறும் பாலத்துக்கு மட்டும், 250 ÷ 25 = 10. நீளம் 10 × 15 = 150. மேல செய்த அதே கோச்சிதான், பின்பக்கமா வந்திரிக்கம்.

வழக்கமான கதியில முக்கால் பங்குல போனா 20 நிமிடம் பிந்துது, வழக்கமான நேரம் என்ன? நான் 80 எண்டு போட்டன், பிழையாம்

கால் பங்கு குறைஞ்சது எண்டு 20 ஐ நாலால பெருக்கிட்டீங்க. குறைஞ்சது கதி, ஆனா 20 நிமிடம் எண்டது நேரம். மாறாதது தூரம், அதால கதி 3/4 ஆனா நேரம் கவிண்டு 4/3 ஆகும். கூடினது மூண்டுல ஒண்டு, அது 20 நிமிடம், அப்ப வழக்கமான நேரம் 60. உங்கட 80 சும்மா வந்த எண் இல்ல, அது பிந்திப் போன அண்டைக்கு எடுத்த நேரம். வேற கேள்விக்குச் சரியான விடை.

மணிக்கு 4 கிமீல நடந்தா 10 நிமிடம் பிந்தி, 5 கிமீல நடந்தா 5 நிமிடம் முந்தி. ஸ்கூல் எவ்வளவு தூரம், டீச்சர்?

ஒண்டு பிந்தி, மத்தது முந்தி, அதால ரெண்டுக்கும் இடையில 15 நிமிடம். ரெண்டுமே பிந்தி எண்டு தந்திருந்தாக் கழிச்சு 5 நிமிடம், இத மட்டும் கவனியுங்க. மறுகா, 4லயும் 5லயும் பிரிபடுற 20 கிமீ எண்டு தூரத்த வையுங்க. 4ல 5 மணித்தியாலம், 5ல 4 மணித்தியாலம், வித்தியாசம் 60 நிமிடம். நமக்கு வேண்டியது 15, நாலுல ஒண்டு, அதால 20 கிமீலயும் நாலுல ஒண்டு, 5 கிமீ. எழுதுறதுக்கு ஒண்டுமே இல்ல, மனசுக்குள்ளயே முடியும்.

பஸ் நிக்காம ஓடினா 54, நிண்டு நிண்டு ஓடினா 45, மணித்தியாலத்துக்கு எத்தின நிமிடம் நிக்குது?

ஒரு மணித்தியாலத்துல 9 கிமீ விட்டுப் போகுது. அந்த 9 கிமீ ஐ 54ல ஓட எவ்வளவு நேரம், 9 / 54, ஆறுல ஒண்டு, 10 நிமிடம். 45 ஆல பிரிச்சா 12 வரும், அது பிழை, நிக்காம இருந்திருந்தா 54ல தானே ஓடியிருக்கும்.

தோணிக் கணக்கு எனக்கு ஓடவே மாட்டுது ராத்தா

நீரோட்டத்தோட போனா ரெண்டு கதியும் கூடும், எதிரப் போனாக் கழியும். கீழ நோக்கி 12, மேல நோக்கி 8 எண்டா தோணிட சொந்தக் கதி ரெண்டையும் கூட்டிப் பாதி, 10. நீரோட்டம் வித்தியாசத்துல பாதி, 2. போய் வாறதுக்குச் சராசரி கேட்டா 10 எண்டு போட்டிராதீங்க, தூரம் ஒண்டு, மேல 48 வந்த அதே வழி, 2 × 12 × 8 ÷ 20 = 9.6.

தோணியில மேல நோக்கிப் போகக்க தொப்பி தண்ணியில விழுந்திட்டு, 15 நிமிடம் கழிச்சுத்தான் கண்டு திரும்பினார், எவ்வளவு நேரத்துல தொப்பியப் பிடிப்பார்? கதி ஒண்டுமே தரல்லயே?

தரத் தேவையில்ல, 15 நிமிடந்தான். குருமண்வெளியில இருந்து மண்டூருக்குப் பாதையில போயிரிக்கீங்களா? பாதை எண்டா ரோட்டு இல்ல, ஆளையும் மோட்டார்சைக்கிளையும் ஏத்திட்டு வாவியக் கடக்கிற பெரிய தட்டையான படகு, எங்கட பக்கம் அதுக்குப் பேரே பாதைதான். அதுல நிண்டு உங்கட தொப்பி பலகையில விழுந்திட்டு எண்டு வையுங்க. நீங்க தெரியாம 15 அடி நடந்து போறீங்க, திரும்பி 15 அடி நடந்து வந்தா தொப்பி கிடக்கும். பாதை அந்த நேரத்துல வாவியில எவ்வளவு தூரம் போனது எண்டு யாராவது பாப்பாங்களா? நீரோட்டமும் அப்பிடித்தான், தொப்பியையும் தோணியையும் ஒண்டாத்தான் தூக்கிட்டுப் போகுது. தண்ணிய வச்சுப் பாத்தா தொப்பி அசையாமக் கிடக்கு, தோணி ஒரே கதியில 15 நிமிடம் போய் 15 நிமிடம் வருது.

வெபர் மைதானத்துல ஓடுற மாதிரி 400 மீற்றர் வட்டம், ஒருத்தர் செக்கனுக்கு 5, மத்தவர் 3. எப்ப சந்திப்பாங்க, எப்ப தொடங்கின இடத்துல சந்திப்பாங்க? ரெண்டும் ஒண்டுதானே?

ரெண்டும் வேற. ஒரே பக்கம் ஓடினா கூட ஓடுறவர் ஒரு முழு ரவுண்ட் முந்தணும், இடைவெளி 400, குறையிறது செக்கனுக்கு 2, 200 செக்கன். எதிரெதிரா எண்டா 400 ÷ 8 = 50 செக்கன். ஆனா 200வது செக்கன்ல முதலாமவர் 1000 மீற்றர், அதாவது ரெண்டரை ரவுண்ட், மத்தவர் 600, ஒண்டரை ரவுண்ட். சந்திக்கிறது தொடங்கின இடத்துக்கு நேர எதிர்ப்பக்கம். தொடங்கின கோட்டுலயே சந்திக்க இன்னும் 200 வேணும், 400 செக்கன்.

ரெண்டு பேர் எதிரெதிரா வந்து சந்திச்சு, பிறகு போய்ச் சேர ஒருத்தருக்கு 4 மணித்தியாலம், மத்தவருக்கு 9 மணித்தியாலம் எடுக்கு. கதி விகிதம் 9:4 தானே?

இல்ல, அதின்ட வர்க்கமூலம், 3:2. சந்திக்க முதல் மத்தவர் நடந்து வந்த துண்டத்தான் சந்திச்ச பிறகு இவர் 4 மணித்தியாலத்துல நடக்கார். இவர் நடந்து வந்த துண்ட மத்தவர் 9ல நடக்கார். சந்திக்க எடுத்த நேரம் ரெண்டு பேருக்கும் ஒண்டு, கதி விகிதம் ரெண்டு துண்டுலயும் மாறாது, அதால அந்த நேரம் ÷ 4 உம் 9 ÷ அந்த நேரம் உம் சமன், அப்ப அது 4 × 9 இன்ட மூலம், 6 மணித்தியாலம். ஒரே துண்டுக்கு ஒருத்தருக்கு 6, மத்தவருக்கு 4, நேரம் 6:4 எண்டா கதி கவிண்டு 3:2 இவருக்குக் கூட. 50 கேள்விக்கு ஒரு மணித்தியாலம் தந்த பேப்பர் எண்டா ஒரு கேள்விக்கு 72 செக்கன், இத அந்த நேரத்துல புதுசா யோசிக்கப் போகாதீங்க. பழகியிருந்தாச் செய்யுங்க, இல்லாட்டி ஒரு குறி போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.

100 மீற்றர் ஓட்டத்துல அண்ணன் தம்பிய 10 மீற்றரால வெல்லுறார். அடுத்த தரம் அண்ணன் 10 மீற்றர் பின்னால நிண்டு தொடங்கினாச் சமனா முடியுந்தானே?

நாங்க எல்லாரும் ஓம் எண்டுதான் சொன்ன. ஆனா அண்ணன் 100 ஓடுற நேரத்துல தம்பி 90 ஓடுவார், இதுதான் மாறாதது. பின்னால இருந்து அண்ணன் 100 ஓடி முடிக்கக்க அவர் நிக்கிறது 90வது மீற்றர்ல, தம்பியும் அங்கதான். ரெண்டு பேரும் தோளுக்குத் தோள், இன்னும் 10 மீற்றர் கிடக்கு, கூட ஓடுறது அண்ணன். அவர் அந்த 10 ஐ ஓடி முடிக்கக்க தம்பி 9 ஓடியிரிப்பார். அண்ணனுக்கு 1 மீற்றரால வெற்றி.